இரண்டு பேருக்குக் காட்டிய ஓட்டு

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம். பின்வீட்டுப் பிள்ளை தர்ஷினி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கொத்தவரங்காய் நறுக்க வேண்டிய வேலை பாக்கி. அசைந்தால் விழித்துக்கொள்வாள். விழித்துக்கொண்டால் கொத்தவரங்காய் குழம்புக்குப் போகாது, தரைக்குப் போகும். அதனால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டுத் தனம் தன் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அக்கா, டி.வி.ய போடு. உன் ஆளு ஒருத்தரு வர்றாரு பாரு."

எழுபது வயதில் எனக்கு ஒரு ஆளா என்று யோசித்தபடி ரிமோட்டை எட்டி எடுத்தேன்.

ராஜ்யசபா தேர்தல் ரிசல்ட். மாநிலங்களவை, மேல்சபை... எப்படிச் சொன்னாலும் அதுதான். ஏதோ ஒரு மாநிலத்தில் எண்ணி முடித்திருந்தார்கள். ஜெயித்தவர்களைப் பற்றி ஒரு நிமிஷம் சொன்னார்கள். அப்புறம் முழுக்க ஒரு எம்.எல்.ஏ.வைப் பற்றியே பேச்சு. அவர் போட்ட ஓட்டு செல்லாமல் போய்விட்டதாம். தன் கட்சி ஏஜெண்டுக்கு மட்டும் காட்ட வேண்டிய சீட்டை, எதிர்க்கட்சி ஏஜெண்டும் பார்க்கிற மாதிரி காட்டிவிட்டாராம். அவர் குனிந்து காரில் ஏறுகிற படத்தையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். வேறு படம் கிடைக்கவில்லை போல.

"ரெண்டு பேருக்குக் காட்டினாராம்க்கா. உன்ன மாதிரியே," என்று தனம் சிரித்தாள்.

குழாயடியில் நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஏன் சிரிக்கவில்லை என்கிறீர்களா? சொல்கிறேன்.

வாராவாரம் நான் எழுதுகிற இந்தப் பத்தியை விடாமல் படிக்கிற ஒருவர் போன மாதம் ஒரு போஸ்ட் கார்டு போட்டிருந்தார். 'வடகம் எழுதினீர்கள். முழங்கால் வலி எழுதினீர்கள். டவுன் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்ததை இரண்டு வாரம் எழுதினீர்கள். அரசியல் ஏன் எழுதுவதில்லை? பயமா?' என்று.

பயம்தான். ஆனாலும் இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்தத் தேர்தல் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக. தெரிந்தவர்கள் ஒரு பாராவைத் தாண்டிப் போகலாம்.

அதில் நீங்களும் நானும் ஓட்டுப் போட முடியாது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள் போடுவார்கள். நம் புதுச்சேரிக்கு அங்கே ஒரே ஒரு நாற்காலி. முப்பது எம்.எல்.ஏ.க்கள் சேர்ந்து அதில் உட்கார ஓர் ஆளை அனுப்ப வேண்டும். பல தடவை போட்டியே இருக்காது. ரிசல்ட் வந்துவிடும், தேர்தல் வராது. போட்டி இருந்தால்தான் வேடிக்கை. ஊதா கலர் ஸ்கெட்ச் பேனா ஒன்று கொடுப்பார்கள். அந்தப் பேனாவால்தான் 'ஒன்று' என்று எழுத வேண்டும். எழுதிய சீட்டைப் பெட்டியில் போடும் முன் தன் கட்சி ஏஜெண்டிடம் பிரித்துக் காட்ட வேண்டும். அவரைத் தவிர வேறு யாருக்குக் காட்டினாலும் ஓட்டு செல்லாது.

நமக்கெல்லாம் ஓட்டு ரகசியம். என் வீட்டுக்காரர் இருந்தவரை, நான் யாருக்குப் போட்டேன் என்று அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கேட்பார், "நம்ம ஆளுக்குத்தானே?" என்று. நான் தலையை ஆட்டுவேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார். நாற்பது வருஷம் அப்படியே ஓடியது.

தலையாட்டுவது எனக்குச் சின்ன வயதிலேயே வந்த பழக்கம். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தேன். அந்த அஞ்சு வருஷத்தில் டீச்சர் கேட்ட கேள்விக்கு நான் வாயைத் திறந்து பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். பேசச் சொன்னால்தான் தொண்டையில் ஏதோ வந்து உட்கார்ந்துகொள்ளும். தலையை ஆட்டிவிட்டால் எல்லாரும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அதில் என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது?

போன வருஷம் வந்தது.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கு ஒரு மகளிர் குழு உண்டு. அதற்கு நான் தலைவி. உடனே பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குழுவில் மொத்தம் பன்னிரண்டு பேர். தலைவி தேர்ந்தெடுக்கிற சமயத்தில் மற்ற பதினோரு பேரும் யாராவது ஒருத்தரோடு பேச்சில்லாமல் இருந்தார்கள். யாரோடும் சண்டை போடாதவள் நான் ஒருத்திதான். பேசினால்தானே சண்டை வரும்? அப்படித் தலைவி ஆனேன்.

இந்த மாதிரி ஏழு தெருக் குழுக்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு. ஏழு தலைவிகளும் ஓட்டுப் போட்டுக் கூட்டமைப்புக்கு ஒரு தலைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழுக்காரர்கள் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள், நாங்கள் இன்னொருத்தரைத் தேர்ந்தெடுக்கிறோம். எங்கள் அளவுக்கு இதுவும் மேல்சபைதானே?

கூட்டமைப்புக்குச் சொந்தமாக ஒரு ஹால் இருந்தது. ஷீட் போட்ட ஒற்றை ஹால். அதில் ஒரு பால்வாடி நடந்தது. சர்க்கார் பால்வாடி இல்லை, வேலைக்குப் போகிற பெண்களுக்காக நாங்களே நடத்தியது. காலையில் ஆறு மணிக்கெல்லாம் திறந்துவிடும். சர்க்கார் பால்வாடியின் பூட்டைத் திறக்கும்போது கம்பெனி வேன்கள் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

அப்படி ஒரு வேனில் போகிறவள்தான் ராணி, தர்ஷினியின் அம்மா. என் வீட்டுப் பின்சுவர்தான் அவள் வீட்டுக்கும் பின்சுவர். வாசல் மட்டும் அடுத்த தெருவில். உழவர்கரைப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. வேன் ஆறரைக்கு. புருஷன் லாரி டிரைவர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வருவான், இரண்டு நாள் தூங்குவான், போய்விடுவான். ராணியின் அம்மா விழுப்புரம் பக்கம் ஊரில், படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தர்ஷினிக்கு அப்போது இரண்டு வயது. பால்வாடி இருந்தால்தான் ராணிக்கு வேலை. பால்வாடி போனால் வேலையும் போகும்.

அந்தப் பால்வாடிக்குத்தான் தேர்தலில் ஆபத்து வந்தது.

அப்போது தலைவியாக இருந்தவள் வசந்தா. அவள் கெட்டவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கோ அலைந்து, யாரையோ பார்த்து, தையல் மெஷின்கள் கிடைக்க ஏற்பாடு செய்திருந்தாள். மெஷின் வைக்க இடம் வேண்டும், சொல்லிக்கொடுக்க இடம் வேண்டும். இருக்கிறது ஒரே ஹால். பால்வாடியை எடுத்துவிட்டுத் தையல் கிளாஸ் நடத்தலாம் என்றாள். பால்வாடியைப் பார்த்துக்கொண்ட மல்லிகாவுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்து, அவளும் தலைவிக்கு நின்றுவிட்டாள்.

எங்கள் குழுவில் வசந்தா பக்கம்தான் அதிகம். தனத்தின் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தாள். இன்னும் மூன்று வீட்டில் அதே கதை. தையல் கிளாஸ் வந்தால் நாலு பெண்களுக்கு ஒரு வழி பிறக்கும். நியாயம்தானே? குழுக் கூட்டத்தில் தனம் கேட்டாள்.

"நம்ம ஓட்டு வசந்தாவுக்குத்தான். இன்னாக்கா, சரிதானே?"

தலையை ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, பாத்திரம் கழுவும்போது பின்சுவருக்கு மேலே ராணியின் தலை தெரிந்தது.

"பெரிம்மா, மூணு குழு அந்தப் பக்கம், மூணு குழு இந்தப் பக்கம். ஒன் ஓட்டுதான் மிச்சம். நான் ஒண்ணும் ஒன்ன கட்டாயப்படுத்தல. புள்ளய எங்க வுடுவேன்னு மட்டும் யோசிச்சுக்கோ."

அதற்கும் தலையை ஆட்டினேன்.

இரண்டும் ஒரே மாதிரி ஆட்டல்தான். ஆனால் முதலாவது பழக்கத்தில் வந்தது, இரண்டாவது மனசிலிருந்து வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து, "தனம், நான் மல்லிகாவுக்குத்தான் போடப்போறேன், பால்வாடி இருக்கட்டும்," என்று கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். பன்னிரண்டு சொல்கூட இல்லை. வரவில்லை.

அந்தத் தேர்தலுக்கு ஒரு புது ரூல் வந்தது. அதற்கு முந்தின தேர்தலில் நின்ற இரண்டு பேருமே தங்களுக்கு ஐந்து ஓட்டு உறுதி என்றார்கள். ஐந்தும் ஐந்தும் பத்து. இருந்த ஓட்டோ ஏழு. எண்ணிப் பார்த்த பிறகு, யார் ஏமாற்றியது என்று குழாயடியில் ஆறு மாதம் சண்டை. இந்தத் தடவை அப்படி நடக்கக்கூடாது என்று தனம் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவள் வீட்டுக்காரர் கட்சிக்காரர், சட்டசபை சமாச்சாரமெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பார். அவர் சொல்லிக்கொடுத்ததைக் கூட்டமைப்புக் கூட்டத்தில் அப்படியே சொன்னாள்.

"டெல்லி மேல்சபைக்கே இப்டித்தான் அனுப்பறாங்க. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஏஜெண்டு. தலைவி ஓட்டு போட்டதும் ஏஜெண்டுகிட்ட காட்டணும். வேற யாருக்கும் காட்டக்கூடாது. காட்டினா செல்லாது. எம்.எல்.ஏ.வுக்கு ஒரு ரூலு, நமக்கு ஒரு ரூலா?"

எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது. எம்.எல்.ஏ. மாதிரி என்றால் பிடிக்காதா? ஊதாப் பேனாகூட வேண்டும் என்றார்கள். எங்கள் குழுவுக்கு ஏஜெண்டு தனம். அடுத்த தெருக் குழுவுக்கு ஏஜெண்டு ராணி.

தேர்தல் அதிகாரியாக மதாமைக் கூப்பிட்டோம். பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். எங்கள் பக்கத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, மதாம் என்றால் அவர்தான். நன்றாகத் தமிழ் பேசுவார். கண்டிப்பு காட்டும்போது மட்டும் பிரெஞ்சு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஓட்டு. ஹாலின் மூலையில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். பெட்டி, ஒரு பழைய பிஸ்கட் டின். ஊதாப் பேனா, பால்வாடிப் பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனா டப்பாவிலிருந்து எடுத்தது. அந்தப் பேனாவால் பிள்ளைகள் ஏற்கனவே சுவரில் ஒரு மாடு வரைந்திருந்தார்கள். மாட்டுக்கு ஆறு கால்.

ஏஜெண்டுகளுக்கு வரிசையாக ஏழு நாற்காலி. தனம் நாலாவதில். ராணி ஐந்தாவதில், தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை பால்வாடி இல்லை, பிள்ளையை விட்டுவிட்டு வர இடமில்லை.

மதாம் எழுந்து நின்று சொன்னார்.

"காட்டணும், அவ்வளவுதான். யாருக்குப் போடறதுன்றது போடறவங்க இஷ்டம். ஏஜெண்டு பாக்கலாம், ஆனா சீட்டப் புடுங்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. புரியுதா?"

எனக்கு நன்றாகவே புரிந்தது. யாருக்குப் போட்டாலும் செல்லும். தனம் பார்ப்பாள், கோபப்படுவாள். கோபப்பட்டுக்கொள்ளட்டும் என்று அன்று காலை காபி குடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். ரொம்ப வருஷம் கழித்து நானாக எடுத்த முடிவு அது.

என் முறை கடைசி. திரைக்குப் பின்னால் போய் மல்லிகா பெயருக்கு நேரே 'ஒன்று' என்று எழுதினேன். மை காய ஊதினேன். வெளியே வந்து தனத்தின் முன்னால் நின்று பிரித்துக் காட்டினேன்.

தனம் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"இன்னாக்கா இது," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவ்வளவுதான். கஷ்டமான பாதி முடிந்துவிட்டது. மடித்து டின்னில் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டிருந்தால் மல்லிகாவுக்கு நாலு ஓட்டு. பால்வாடி இருந்த இடத்தில் இருந்திருக்கும். தனம் என்னோடு நாலு நாள் பேசியிருக்கமாட்டாள். அதனால் எனக்கு என்ன நஷ்டம்?

ஆனால் பக்கத்து நாற்காலியில் ராணி உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரூல் தெரிந்த பிள்ளை. மறந்தும் நிமிரவில்லை. தர்ஷினிதான் என்னைப் பார்த்து, "ஆயா," என்று கையை நீட்டியது.

அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். 'பார், உனக்குத் தலையை ஆட்டினேனே, அது பொய் இல்லை,' என்று ராணிக்குத் தெரிய வேண்டும். இப்போதே தெரிய வேண்டும்.

"ராணி," என்று மெதுவாகக் கூப்பிட்டுச் சீட்டை அவள் பக்கம் திருப்பினேன்.

தனம் எழுந்துவிட்டாள்.

"மதாம், ராணிக்கும் காட்டறாங்க. செல்லாது."

"நான் பாக்கல மதாம்," என்றாள் ராணி. "சத்தியமா நான் தலைய நிமுத்தவே இல்ல."

"நீ பாத்தியா பாக்கலியான்றது கேள்வி இல்லம்மா," என்றார் மதாம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க காட்டினீங்களா?"

ஹாலில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராணி இப்போதுதான் நிமிர்ந்தாள். அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். 'இல்லை என்று சொல்லிவிடு' என்று இருந்தது. மூன்றெழுத்து. அவளே பார்க்கவில்லை என்கிறாள். தனத்தின் சொல்லுக்கு எதிராக என் சொல். சொல்லியிருந்தால் ஓட்டு தப்பியிருக்கும்.

ஆனால் காட்டினேனே. காட்டியதை எப்படி இல்லை என்பது?

தலையை ஆட்டினேன்.

"நோன்," என்றார் மதாம். பிறகு எங்களுக்காகத் தமிழில், "செல்லாதும்மா."

டின்னைத் திறந்து எண்ணி, பால்வாடிக் கரும்பலகையில் ரிசல்ட்டை எழுதினார். வசந்தா மூன்று. மல்லிகா மூன்று. செல்லாதது ஒன்று. சமமாக வந்தால் இருக்கிற தலைவியே தொடரலாம் என்று எங்கள் விதி நோட்டில் எப்போதோ எழுதிவைத்திருந்தோம். யார் கையெழுத்து என்று பார்த்தால், என் கையெழுத்து. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன் என்று முன்னாலேயே சொன்னேன் இல்லையா?

வசந்தாவுக்கு மாலை போட்டார்கள். காபி கொடுத்தார்கள். தர்ஷினி மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி டின்னுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. ராணி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனாள்.

அன்று சாயங்காலமே தனம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கிண்ணம் கேசரி.

"தப்பா நெனச்சுக்காதக்கா. ரூலு கொண்டாந்தது நானு. எனக்குப் புடிக்காத ஓட்டுன்னு நான் மடக்கல. நீ வசந்தாவுக்குப் போட்டுட்டு அந்தப் பக்கம் காட்டியிருந்தாலும் எழுந்திருப்பேன்."

எழுந்திருப்பாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேசரி நன்றாக இருந்தது.

ராணி பேசவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும், குழாய் ஓடும், பிள்ளை அழும். சுவருக்கு மேலே தலை மட்டும் வராது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பால்வாடியை மாசக் கடைசி வரை நடத்தச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடைசி வாரத்தில் ஒரு நாள், சுவருக்கு அந்தப் பக்கம் ராணி போனில் பேசுவது கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணாந்தேதிலேருந்து வர முடியாதுங்க சார்... இல்ல சார், வேற ஆளு இல்ல... தெரியும் சார், நல்ல வேலைதான்..."

கையில் இருந்த துணியை வாளியிலேயே போட்டேன். பின்சுவரில் எட்டி நின்று கூப்பிட்டிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி அவள் வாசலுக்குப் போனேன். யாரும் கூப்பிடாமல் நான் ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டியது அன்றைக்குத்தான்.

"இன்னா பெரிம்மா," என்றாள் ராணி, கதவைப் பாதி திறந்தபடி. "வாசல் வழியா வந்திருக்க."

நின்றேன். தொண்டையில் வழக்கமாக உட்காருவது வந்து உட்கார்ந்தது.

"புள்ளய..." என்றேன்.

"புள்ளைக்கு இன்னா?"

"நான் பாத்துக்கறேன்."

ராணி என் முழங்காலைப் பார்த்தாள். எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

"அது ஒரு எடத்துல நிக்காது பெரிம்மா. கட்டில் மேல ஏறும், அரிசியக் கொட்டும். காலைல ஆறு மணிலேருந்து சாயந்திரம் நாலு வரைக்கும். ஓவர்டைம் வந்தா ஏழுகூட ஆவும். தினமும். ஒன்னால முடியுமா?"

தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாத," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சோர்வாகச் சொன்னாள். "நீ தலையாட்டி நான் பட்டது போதும். வாயால சொல்லு."

உள்ளே பிள்ளை ஏதோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"முடியும்," என்றேன். "ஒண்ணாந்தேதி கொண்டாந்து வுடு."

"நாலு நாள் கழிச்சு வாணாம்னு சொல்லமாட்டியே?"

"மாட்டேன்."

"கம்பெனிக்கு போன் பண்ணி வர்றேன்னு சொல்லிடவா?"

"சொல்லு."

மூன்று பதில். மூன்றும் வாயால். வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

இப்போது ஹாலில் தையல் கிளாஸ் நடக்கிறது. நன்றாகவே நடக்கிறது. தனத்தின் மகள் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். இடது கை மட்டும் கொஞ்சம் பிடிக்கும். கல்யாணத்துக்கெல்லாம் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். பால்வாடிக்கு வந்த மற்ற பிள்ளைகளில் சிலரைப் பாட்டிகள் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு பிள்ளையின் அம்மா மட்டும் வேலையை விட்டுவிட்டாள். அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. குழாயடியில் அவளைப் பார்த்தால் நான் என் குடத்தை அவள் குடத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தெருவில் எனக்கு 'எம்.எல்.ஏ. அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டுக்கொள்ளட்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையிடம் தலையை ஆட்டிக் காலம் தள்ள முடியாது. இறங்கு, அதை வாயில் போடாதே, அடுப்பு சுடும், வேண்டாம், வேண்டவே வேண்டாம்... ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சத்தமாகவும் சொல்கிறேன். அதுவே வாயில் பழகிப்போய், போன குழுக் கூட்டத்தில் தனம் ஏதோ கேட்டதற்கு, "வாணாம்," என்று வந்துவிட்டது. தனம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் யார் பேசியது என்று பார்த்தேன்.

டி.வி.யில் காரில் ஏறிக்கொண்டே இருந்தாரே, அந்த எம்.எல்.ஏ... அவர் ஏதோ வாங்கிக்கொண்டுதான் அப்படிச் செய்தார் என்று தனம் சொன்னாள். அப்படியும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்து நாற்காலியிலும் அவருக்கு வேண்டியவர் ஒருத்தர் உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆளுக்கும் எம்.எல்.ஏ. எப்போதோ தலையை ஆட்டிவைத்திருப்பார். சொன்னபடி செய்தேன் என்று அவருக்குத் தெரியவேண்டும் என்று நினைத்திருப்பார். பேசாமல் மடித்துப் போட்டிருந்தால் ஓட்டு செல்லுபடியாகியிருக்கும். நமக்கு நல்லது செய்தால் மட்டும் போதவில்லை. செய்ததை உடனே ஒருத்தர் பார்த்துவிடவும் வேண்டியிருக்கிறது.

அவருடைய செல்லாத ஓட்டினால் யாருக்கு என்ன ஆனது என்று டி.வி.யில் கடைசி வரை சொல்லவில்லை. விளம்பரம் வந்துவிட்டது.

என்னுடைய செல்லாத ஓட்டு, அந்தச் சத்தத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மடியில் எழுந்து உட்கார்ந்து, "ஆயா, பிஸ்கட்டு," என்றது.